விஸ்லர் பனிமலைக் கிராமத்தில் காண்டோ வீடெடுத்துத் தங்க: செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்ற மார்கழியில் நானும் மனைவியும் மாமியாரும் காரைக்குடியிலிருந்து கிளம்பி, வான்கூவரில் வேலை பார்க்கும் மகன் குடும்பத்தோடு சேர்ந்து, கனடாவின் விஸ்லர் பனிச்சறுக்குக் கிராமத்தில் ஐந்து இரவுகள் தங்கி வந்தோம். ஏழு பேருக்கு விடுதி அறைகள் எடுப்பதைவிட, சமையலறையோடு கூடிய ஒரு காண்டோ வீட்டை எடுப்பது மேல் என்று முடிவு செய்தோம். அந்த முடிவு சரியானதுதான். ஆனால், விடுதியில் பிறர் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொரு வேலையும் இங்கே நம் தலையில் விழும் என்பதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. நாங்கள் பட்ட அலைச்சலை இன்னொரு குடும்பம் படக்கூடாது என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

காண்டோ என்றால் என்ன என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. வளவைச் (நடு முற்றத்தைச்) சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கும்) ஓர் அறை சொந்தமாகவும், முகப்பும் வளவும் கிணறும் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவாகவும் இருக்கும் வீடுகளை அறிந்தவர்கள் நாம். அங்கும் அப்படியே: உள்ளிருக்கும் வீடு ஓர் உரிமையாளருக்குச் சொந்தம்; நடைக்கூடம், மின்தூக்கி, வெந்நீர்த் தொட்டி, வாகன நிறுத்தம் ஆகியவை கட்டடத்துக்குப் பொது. ஆகவே, தங்குபவர் உரிமையாளரின் விதிகள், கட்டடச் சங்கத்தின் விதிகள் ஆகிய இரண்டுக்கும் கட்டுப்பட்டவர். இரண்டையும் வாங்கிப் படித்த பிறகே பணம் கட்டுங்கள்.

1. முதலில் விசா, பிறகு வீடு

எல்லாவற்றுக்கும் முன்னால் விசா. கனடாவின் வருகையாளர் விசாவுக்கு இணையவழியில்தான் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் ஆளுக்கு 100 கனடிய டாலர். கைரேகைக்கும் புகைப்படத்துக்கும் ஆளுக்கு 85 டாலர். ஒரே குடும்பமாகச் சேர்ந்து ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் கைரேகைக் கட்டணம் மொத்தம் 170 டாலருக்கு மேல் போகாது. பணம் கட்டியபின் கைரேகை அறிவுறுத்தல் கடிதம் வரும். வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மையத்துக்கு நேரில் போக வேண்டும். நமக்கு அருகில் உள்ள மையம் சென்னை. முன்பதிவு நேரத்தைப் பிற்பகலாக வாங்கினால், விடியற்காலையில் காரைக்குடியில் புறப்படும் பல்லவன் விரைவு வண்டியில் போய் வேலையை முடிக்கலாம் என்று தோன்றும். வயதானவர்களை அழைத்துச் செல்வதானால் முதல் நாளே சென்னை சேர்ந்துவிடுங்கள். வண்டி ஒரு மணி நேரம் தாமதமானாலும் முன்பதிவு கைநழுவும். ஒருமுறை கொடுத்த கைரேகை 10 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பது ஓர் ஆறுதல்.

இணைக்க வேண்டிய ஆவணங்களில் கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரி அறிக்கை, ஓய்வூதிய ஆணை, அங்குள்ள பிள்ளையின் அழைப்புக் கடிதம், அவருடைய வேலைச் சான்று, பயணத் திட்டம் ஆகியவற்றை எல்லோரும் வைப்பார்கள். நம்மவர்கள் இடறும் இடம் பட்டாவும் பத்திரமும்தான். ஊருக்குத் திரும்புவதற்கான காரணம் இருக்கிறது என்று காட்டச் சொத்து ஆவணம் வைப்பது நல்லதே. ஆனால் தமிழில் உள்ள எதையும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழிப் பத்திரத்தோடு சேர்த்துத்தான் வைக்க வேண்டும். நான் முதலில் வெறும் நகலை வைத்திருந்தேன். மகன் கடைசி நேரத்தில் கவனித்துச் சொன்னதால், மொழிபெயர்ப்புக்கும் உறுதிமொழிக்குமாகப் பத்து நாள் கூடுதலாகப் போயிற்று. பட்டாவில் உள்ள பெயரும் கடவுச்சீட்டில் உள்ள பெயரும் வேறுபட்டால், ஒரே ஆள்தான் என்பதற்கும் ஓர் உறுதிமொழி சேருங்கள்.

அமெரிக்க விமான நிலையம் வழியாக மாறிச் செல்லும் பயணச்சீட்டு சில நாள்களில் மலிவாகத் தென்படும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு அங்கே விமானம் மாறுவதற்கே தனியாக அமெரிக்க விசா வேண்டும். அந்தச் சீட்டை வாங்காதீர்கள்.

விசா முடிவு வர எத்தனை வாரம் ஆகும் என்பது காலத்துக்குக் காலம் மாறுவதால், டிசம்பர் பயணத்துக்கு ஆடி மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள். அதற்குள் வீட்டையும் பிடித்து வைக்க விரும்பினால், முழுப்பணமும் திரும்பக் கிடைக்கும் ஒப்பந்தத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். குளிர்காலத்தில் பல வீடுகளுக்கு, வருகைக்கு 30 அல்லது 60 நாள் முன்பே ரத்துக் கெடு முடிந்துவிடுகிறது. அந்தக் கெடுநாளை நாள்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள்.

2. விலாசமும் பெயரும் எங்கும் ஒன்றாக இருக்கட்டும்

இந்த ஒரு படிக்காகவே இக்கட்டுரையை எழுதலாம் என்று நினைத்தேன். நம்மில் பலர் பெயருக்கு முன்னால் பாட்டையா, ஐயா, அப்பா என்று வரிசையாக வரும் விலாசத்தை முதலெழுத்துகளாக எழுதுகிறோம். வங்கி அட்டையில் நான்கு எழுத்து, கடவுச்சீட்டில் தந்தையின் முழுப்பெயர், விமானச் சீட்டில் வேறொரு வரிசை என்று ஆகிவிடுகிறது. வீட்டை ஒப்படைக்கும் நிறுவனமோ, பதிவு செய்தவரின் பெயர், அடையாளச் சீட்டின் பெயர், கடன் அட்டையின் பெயர் ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும் என்று கேட்கிறது.

எங்கள் பதிவு என் பெயரில் இருந்தது. அட்டையில் இருந்த முதலெழுத்துகள் கடவுச்சீட்டோடு பொருந்தவில்லை என்பதால், வாசற்கதவின் எண்குறி அனுப்பப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்தச் செய்தி என் மின்னஞ்சலுக்கு வந்திருக்கிறது. என் கைப்பேசியிலோ இணையம் இல்லை. மாலை நான்கரை மணிக்கே நன்றாக இருட்டிவிட்டிருந்த அந்த வாசலில், பனி விழ விழ, எண்பது வயதைத் தொட்ட மாமியாரை ஒரு பெட்டியின்மேல் உட்கார வைத்துவிட்டு, நாற்பது நிமிடம் தொலைபேசியில் பேசினோம். மகனின் அட்டையைக் கொடுத்து, அவன் பெயரையும் பதிவில் சேர்த்த பிறகே கதவு திறந்தது.

ஆகவே, அங்கே வசிக்கும் பிள்ளைகளில் ஒருவர் பெயரில், அவருடைய அட்டையிலேயே பதிவு செய்யுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால், கிளம்புவதற்கு மாதங்களுக்கு முன்பே கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரிட்ட அட்டையை வங்கியில் கேட்டு வாங்குங்கள். அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட்டால்தான் அது அங்கே வேலை செய்யும். இந்தியக் கைப்பேசி எண்ணுக்கு ஒருமுறைக் கடவு எண் (OTP) வர வேண்டும் என்பதால், அந்த எண்ணுக்கு வெளிநாட்டு இணைப்பும் தேவை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால், கனடா விண்ணப்பத்தில் உங்கள் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, மற்றதை வெறுமையாக விட வேண்டும். தந்தை பெயரை நீங்களாக அங்கே நிரப்பாதீர்கள்.

3. எந்தப் பகுதி, எந்த வீடு

விஸ்லர் வான்கூவருக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கிறது. கிராம நடுப்பகுதி, பிளாக்கோம் மலையடியில் உள்ள மேல் கிராமம், தெற்கே கிரீக்சைடு என்று மூன்று பகுதிகளை முதன்மையாகப் பாருங்கள். பெரியவர்கள் உடன் வந்தால் நடுப்பகுதியே நல்லது. கடை, மருந்தகம், மருத்துவ மையம் எல்லாம் நடந்து போகும் தொலைவில் இருக்கும். வாசலிலிருந்தே சறுக்கிப் போகலாம் என்று விளம்பரம் செய்யும் வீடுகளுக்கு விலை கூடுதல்; குடும்பத்தில் ஒருவரோ இருவரோ மட்டும் சறுக்குவதென்றால் அந்தப் பணம் வீண்.

இணையத்தில் காணும் வீடு உண்மையானதுதானா என்பதையும் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் குறுகிய கால வாடகை வீடுகளுக்குப் பதிவு எண்ணை 2025-இல் கட்டாயமாக்கியது. விலக்குப் பெற்ற கட்டடங்களும் உண்டு. எண்ணைக் கேளுங்கள், இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். முன்பதிவு இணையத்தளத்துக்கு வெளியே நேரடியாக வங்கிக்குப் பணம் அனுப்பச் சொல்லும் எவருக்கும் ஒரு காசுகூட அனுப்பாதீர்கள்.

படங்களில் அடுப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘எட்டுப் பேர் தங்கலாம்’ என்று இருந்தால், அதில் இருவர் கூடத்தில் விரிக்கும் சோபாவில் படுக்க வேண்டியிருக்கும் என்று பொருள். படிக்கட்டு உள்ளேயே இருக்கும் இரண்டு மாடி வீடுகளும் உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கீழ்த்தளத்தில் படுக்கையறையும் குளியலறையும் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

4. விலையை முழுதாகக் கூட்டிப் பாருங்கள்

காட்டப்படும் இரவு வாடகை முழுச் செலவு அன்று. ஓர் இரவுக்கு 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து இரவுக்கு 2,500. துப்புரவுக் கட்டணம் 200 என்றால் 2,700. அதன்மேல் கூட்டாட்சி வரி 5 விழுக்காடு, மாகாண விற்பனை வரி 8 விழுக்காடு, ஊர்த் தங்கும் வரி 3 விழுக்காடு, ஆக 16 விழுக்காடு என்றால் மேலும் 432. மொத்தம் 3,132 டாலர். வாகன நிறுத்தக் கட்டணமும், தளத்தின் சேவைக் கட்டணமும், சேதத்துக்காக அட்டையில் முடக்கி வைக்கும் தொகையும் இதில் சேரவில்லை. இந்திய அட்டையாக இருந்தால், பல வங்கிகள் 2 முதல் 3.5 விழுக்காடு வரை அந்நியச் செலாவணிக் கட்டணமும் பிடிக்கும்.

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விலை உச்சத்தில் இருக்கும். குறைந்தது இத்தனை இரவு தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் அப்போது கடுமையாகும். பள்ளி விடுமுறை ஒரு பொருட்டில்லை என்றால், பொங்கல் முடிந்து கிளம்புங்கள். பனியும் நன்றாக இருக்கும், விலையும் இறங்கும். தைப்பூசத்துக்குப் பழனி நடைபயணம் போகும் குடும்பங்கள் அதையும் கணக்கில் வைத்து நாள் குறிக்க வேண்டும்.

5. பெட்டியில் வைப்பதும் விடுவதும்

கனடாவுக்குள் கொண்டுபோகும் உணவுப் பொருள் ஒவ்வொன்றையும் சுங்கத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைத்தால் 1,300 டாலர் வரை தண்டம் விதிக்கலாம். சொல்லிவிட்டால், அதிகம் போனால் அந்தப் பொருளை எடுத்துவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலை, வாழையிலை, விதை, இறைச்சி சேர்ந்த பண்டம் ஆகியவை வேண்டாம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, மிளகாய்ப் பொடி, கல்பாசி, மராட்டி மொக்கு, தேன்குழல், சீப்புச் சீடை, கருப்பட்டி ஆகியவற்றைக் கடையில் மூடிய பொட்டலமாக, ஆங்கிலத்தில் பெயர் ஒட்டியதாக வைத்திருந்தோம். அதிகாரி இரண்டைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்பினார்.

மிக்சி வேண்டாம். அங்கே மின்சாரம் 120 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்சி அதில் சரியாகச் சுற்றாது. கைப்பேசி மின்னூட்டிகளில் 100–240 என்று அச்சிட்டிருந்தால், துளைக்குப் பொருந்தும் மாற்றுச் செருகி மட்டும் போதும். தாளிப்புக் கரண்டி, இடுக்கி, அஞ்சறைப் பெட்டி, தட்டை அடிப்பகுதி கொண்ட சிறு குக்கர், கழிவறைக்கு ஒரு சொம்பு: இந்த ஐந்தும் கட்டாயம். காண்டோவில் ஒயின் கோப்பை பன்னிரண்டு இருந்தது, இடுக்கி ஒன்றுகூட இல்லை.

தேங்காயெண்ணெய் அந்தக் குளிரில் கல்லாக இறுகிவிடும். வாயகன்ற டப்பாவில் கொண்டுபோங்கள். உள்ளே சூடேற்றி ஓடுவதால் காற்று மிகவும் வறண்டிருக்கும். உதட்டுக்கும் குதிகாலுக்கும் பூசிக்கொள்ள அது அங்கே மருந்து.

6. மலையேறும் நாள்

வான்கூவர் விமான நிலையத்திலிருந்து விஸ்லருக்கு நேரடிப் பேருந்துகள் உண்டு; இரண்டரை முதல் மூன்று மணி நேரம். வாடகைக் கார் எடுத்தால், 99-ஆம் எண் நெடுஞ்சாலையில் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்காலச் சக்கரம் கட்டாயம். சாலையின் வலப்பக்கம் ஓட்டும் பழக்கமும் பனியில் ஓட்டும் பழக்கமும் இல்லாதவர்கள் ஓட்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

விமானம் இறங்கிய அன்றே மேலே போகாதீர்கள். நேரம் இந்தியாவைவிடப் பன்னிரண்டு மணிக்கும் மேலாகப் பின்னால் ஓடுகிறது. பெரியவர்களுக்கு இரண்டு நாளாவது தூக்கம் சீராகட்டும். அந்த இரண்டு நாளில் வான்கூவருக்கு அருகே சரே நகரில் உள்ள இந்தியக் கடைகளில் அரிசி, பருப்பு, தோசை மாவு வாங்கிவிடுங்கள். பால், தயிர், காய்கறிக்கு வழியில் உள்ள ஸ்குவாமிஷ் ஊர் நல்லது. கிராமத்துக்குள் எல்லாமே கிடைக்கும், விலைதான் கூடுதல்.

பெரும்பாலான வீடுகளை மாலை நான்கு மணிக்குத்தான் தருவார்கள். டிசம்பரில் அதன்பின் விரைவிலேயே இருட்டிவிடும். கதவின் எண்குறியையும் கட்டடத்தின் படத்தையும் காகிதத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தப் படிவத்தில் எல்லாக் கையெழுத்தும் முடிந்துவிட்டதா என்று இரண்டு நாள் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். உள்ளே போனதும், பெட்டியைத் திறப்பதற்கு முன், ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். முன்பே உள்ள கீறலையும் கறையையும் கிட்டத்தில் எடுங்கள்.

7. அடுப்பங்கரை

அடுப்பு பெரும்பாலும் கண்ணாடிப் பரப்புள்ள மின்னடுப்பு. குழிப்பணியாரக் கல்லும் உருண்டை அடி இரும்புச் சட்டியும் அதில் சூடேறாது. கனமான கல்லை அதன்மேல் இழுத்தால் கண்ணாடி கீறும், அதற்குப் பணம் பிடிப்பார்கள். தூண்டல் அடுப்பாக இருந்தால் அலுமினியப் பாத்திரம் பயன்படாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் அதற்குரிய வில்லையை மட்டும் போடுங்கள்; கைகழுவும் சோப்பு நீரை ஊற்றினால் நுரை தரையெங்கும் வழியும். வில்லை, கழிவறைத் தாள், சோப்பு எல்லாம் முதல் நாளுக்குப் போதுமான அளவே வைத்திருப்பார்கள். மீதியை நாமே வாங்க வேண்டும்.

இனி மிக முக்கியமான ஒன்று. கார்த்திகைத் தீபத்திலிருந்து 21-ஆம் நாள் பிள்ளையார் நோன்பு விஸ்லரில் அமைந்தது. எங்கே இருந்தாலும் இழை எடுக்காமல், அதாவது மாவில் வைத்த நூல்திரியை ஏற்றி உட்கொள்ளாமல், விடுவதில்லை என்பதால், மாமியார் 21 இழை நூலையும் மாவையும் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார். மனைவி கருப்பட்டிப் பணியாரத்துக்கு எண்ணெய் காய வைத்துவிட்டு, பக்கத்து அடுப்பில் துவையலுக்கு மிளகாய் வற்றலை வறுத்தார். நெடி ஏறிய அரை நிமிடத்தில் கூடத்துக் கூரையில் இருந்த வெள்ளை வட்டு, அதாவது புகை உணர்கருவி, அலறத் தொடங்கியது. அதுவரை அது எங்கள் வீட்டுக்குள் மட்டும் ஒலிக்கும் மணிதான். புகை போகட்டும் என்று மருமகள் நடைக்கூடத்துக் கதவைத் திறந்தாள். அங்குள்ள உணர்கருவி கட்டடத்துக்கே உரியது. அது ஒலித்ததும் நான்கு தளத்து மக்களும் குழந்தை குட்டிகளோடு பனிக்குள் இறங்கி நின்றார்கள். தீயணைப்பு வண்டியும் வந்தது. பொய் எச்சரிக்கைக்கான கட்டணம் எங்கள் கணக்கில் எழுதப்பட்டது. அதைவிட, போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்ற ஒரு கைக்குழந்தையின் தாயைப் பார்த்தபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

ஆகவே: அடுப்பு மூட்டும் முன்பே மேலே உள்ள புகைபோக்கி விசிறியை முழு வேகத்தில் போடுங்கள். வெளிப்புறச் சன்னலைக் கையகலம் திறந்து வையுங்கள். புகை வந்தால் சன்னலையும் மாடத்து (பால்கனி) கதவையும் திறங்கள். நடைக்கூடத்துக் கதவை எக்காரணத்துக்கும் திறக்காதீர்கள். உணர்கருவியைத் துணியால் மூடுவதும் மின்கலத்தைக் கழற்றுவதும் குற்றம். வற்றல் வறுப்பதையும் வடகம் பொரிப்பதையும் ஊரிலேயே முடித்துப் பொடியாகக் கொண்டுபோங்கள். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல், ஆறவிட்டு டப்பாவில் மூடிக் குப்பையில் சேருங்கள்.

இழைக்கு நெருப்பு வேண்டுமே என்று, மறுபடி ஒரு தவறு நேராதிருக்க, மேலாளருக்குச் செய்தி அனுப்பிக் கேட்டோம். சாப்பாட்டு மேசையில், உணர்கருவியிலிருந்து தள்ளி, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஏற்றலாம் என்றார். பல ஒப்பந்தங்கள் மெழுகுவத்திக்கே தடை விதிக்கின்றன. விளக்கோ இழையோ ஏற்றுவதாக இருந்தால் பதிவு செய்யும்போதே எழுதிக் கேளுங்கள். நாங்கள் கேட்ட விதத்தில் மறுப்பு வரவில்லை.

8. குப்பையும் கரடியும்

விஸ்லர் கரடிகள் வாழும் பள்ளத்தாக்கு. குளிர்காலத்தில் பெரும்பாலும் அவை உறங்கினாலும், உணவை வெளியில் வைக்கக்கூடாது என்ற விதி ஆண்டு முழுவதும் உண்டு. வெளியே இயற்கையே குளிர்பெட்டியாக இருக்கிறதே என்று சாம்பார்ப் பாத்திரத்தை மாடத்தில் வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். சமையல் கழிவு, மறுசுழற்சிப் பொருள், மற்ற குப்பை என்று பிரித்துக் கட்டடத்தின் குப்பை அறையில் சேர்க்க வேண்டும். அந்த அறையின் சாவி எது என்று முதல் நாளே கேளுங்கள்.

9. சறுக்குவோரும் சறுக்காதோரும்

மருத்துவச் செலவு அங்கே வருகையாளரின் பொறுப்பு. பயணக் காப்பீடு எடுக்கும்போது பனிச்சறுக்கு விபத்தும் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். சாதாரணத் திட்டங்கள் பலவற்றில் அது விலக்கப்பட்டிருக்கும். வயதானவர்களுக்கு ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை மறைக்காமல் எழுதுங்கள். சறுக்கு அனுமதிச் சீட்டை முன்கூட்டி இணையத்தில் வாங்கினால் நேரில் வாங்குவதைவிட விலை குறைவு. உடையையும் காலணியையும் வாடகைக்கு எடுக்கலாம், வாங்க வேண்டியதில்லை.

சறுக்காதவர்கள் வீட்டிலேயே அடைந்து கிடக்க வேண்டாம். விஸ்லர், பிளாக்கோம் ஆகிய இரு மலைகளையும் இணைத்து 2008 முதல் ஓடும் கம்பிவட ஊர்தி 4.4 கிலோமீட்டர் நீளம். பார்வையாளர் சீட்டு தனியாகத் தருகிறார்கள். மாமியார் அதில் ஏறி வந்தார். தரையில் நடப்பதுதான் அதைவிட ஆபத்தானது. உறைந்த நடைபாதையில் வழுக்காமலிருக்க, காலணிக்கு அடியில் மாட்டும் பல்பட்டையை முதல் நாளே கடையில் வாங்கிப் பெரியவர்களுக்கு மாட்டிவிடுங்கள்.

10. காலி செய்யும் காலை

பெரும்பாலும் காலை பத்து மணிக்கு வீட்டை விட வேண்டும். முதல் நாள் இரவே குப்பையைச் சேர்த்துவிட்டு, காலையில் பாத்திரங்களைக் கழுவும் இயந்திரத்தில் அடுக்கி ஓடவிட்டு, சன்னல்களைத் திறந்து மசாலா வாசனை போகும்படி செய்யுங்கள். வாசனைக்காகக் கூடுதல் துப்புரவுக் கட்டணம் கேட்கும் விதி எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது. சூடேற்றியை முழுதாக அணைக்காமல், அவர்கள் சொல்லும் அளவில் குறைத்து வையுங்கள். அணைத்தால் குழாய் உறையும். வந்த அன்று எடுத்தது போலவே எல்லா அறையையும் மறுபடி படம் எடுங்கள். அட்டையில் முடக்கிய தொகை விடுபடச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகலாம். அது கணக்குக்குத் திரும்பும்வரை இரண்டு தொகுதிப் படங்களையும் அழிக்காதீர்கள்.